பால் காய்ச்சிய மறுநாள்

புதுமனை புகுவிழாவுக்கு நம்மிடம் பஞ்சாங்கம் உண்டு, வாஸ்து உண்டு, பசுவும் கன்றும் எந்த வாசல் வழியாக உள்ளே வர வேண்டும் என்ற விதியும் உண்டு. மறுநாளுக்கு ஒன்றும் கிடையாது. பால் காய்ச்சி, பந்தி முடிந்து, வந்தவர்கள் தாம்பூலப் பையோடு கிளம்பிய பிறகு அந்தக் குடும்பம் பொழுதை எப்படிக் கழிக்கத் தொடங்குகிறது? பழைய தெருவில் செய்துகொண்டிருந்த எதை விடுகிறார்கள், புதிதாக எதைப் பிடித்துக்கொள்கிறார்கள்? யாருக்கு ஓய்வு கூடுகிறது, யாருக்குக் குறைகிறது? சென்ற நூற்றாண்டின் நடுவில் அரசுகளும் கட்டுமானக் கம்பெனிகளும் ஊர் ஊராக மக்களைப் புதுவீடுகளுக்கு மாற்றியபோது, சமூகவியலாளர்கள் சிலர் இந்தக் கேள்விகளோடு அந்த வீடுகளின் கதவைத் தட்டினார்கள். அவர்கள் எழுதிவைத்ததை இன்று சேர்த்துப் படிக்கும்போது ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. புதுவீடு ஆணுக்கு ஒரு பொழுதுபோக்கைத் தந்தது. அதற்கான விலையில் பெரும்பங்கைப் பெண்ணின் நேரத்திலிருந்து எடுத்துக்கொண்டது.

லண்டனின் கிழக்கே உள்ள பெத்னல் கிரீனிலிருந்து தொடங்கலாம். மரச்சாமான் செய்பவர்கள், தையல்காரர்கள், துறைமுகத் தொழிலாளர்கள் என்று உழைப்பாளிகள் நெருக்கியடித்து வாழ்ந்த பேட்டை அது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் குண்டுகள் பல வீடுகளைத் தரைமட்டமாக்கின. மிஞ்சியவற்றிலும் பல, குண்டு விழாமலேயே விழுந்துவிடும் நிலையில் இருந்தன. லண்டன் கவுண்டி கவுன்சில் நகருக்கு வெளியே எசெக்ஸ் பகுதியின் வயல்வெளிகளில் புதுக் குடியிருப்புகளைக் கட்டி மக்களை அனுப்பியது. அவற்றில் ஒன்று டெப்டன். தனிக் குளியலறை, உள்ளேயே கழிப்பறை, முன்னும் பின்னும் தோட்டம். அங்கே போனவர்களைப் பின்தொடர்ந்து மைக்கேல் யங், பீட்டர் வில்மாட் ஆகிய இருவரும் எழுதிய நூல் 1957-இல் வெளிவந்தது. கிழக்கு லண்டனின் குடும்பத்தையும் உறவுமுறையையும் பற்றிய அந்த நூலில் டெப்டனுக்கு ‘கிரீன்லீ’ என்று புனைபெயர் வைத்திருந்தார்கள். யங் சாதாரண ஆய்வாளர் இல்லை. 1945-இல் லேபர் கட்சியை ஆட்சியில் அமர்த்திய தேர்தல் அறிக்கையை வரைந்தவர். தன் கட்சி கட்டிக்கொடுத்த வீடுகளில் ஏழைகள் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள, 1954-இல் பெத்னல் கிரீனிலேயே ஓர் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். கட்டிக்கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடாத அரசியல்வாதிகள் எந்த நாட்டிலும் குறைவு.

பெத்னல் கிரீனில் அவர்கள் பார்த்தது அம்மாக்களின் ராஜ்ஜியம். கல்யாணமான மகள் அம்மா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பாள். வாடகை வசூலிக்க வருபவரிடம் அம்மா முன்கூட்டியே ஒரு வார்த்தை போட்டுவைப்பாள். அடுத்துக் காலியாகும் வீடு மகளுக்கு. அம்மா உயிரோடு இருந்த மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர், கேட்ட நாளுக்கு முந்தைய இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அவளைப் பார்த்திருந்தார்கள். பிள்ளையை விட்டுவிட்டுக் கடைக்குப் போவது, போன வழியில் சித்தி வீட்டில் ஒரு கோப்பைத் தேநீர், திரும்பும் வழியில் பள்ளித்தோழியோடு நாலு வார்த்தை. ஆண்களுக்கு மதுக்கூடம், கால்பந்து. பொழுதுபோக்கு என்று தனியாகப் பெயர் சூட்டும்படி பெண்களுக்கு அங்கே எதுவும் இல்லை; அது வேலைக்கும் உறவுக்கும் நடுவே கலந்து கிடந்தது. திண்ணையில் உட்கார்ந்து பூத் தொடுப்பது வேலையா பொழுதுபோக்கா என்று நம் பாட்டிமாரைக் கேட்டால் சிரித்திருப்பார்களே, அந்த மாதிரி.

டெப்டனுக்குப் போனபின் நடந்ததை யங்கும் வில்மாட்டும் எண்ணிக்கையாகவே தருகிறார்கள். 47 தம்பதிகளைச் சந்தித்து, வாரத்துக்கு எத்தனை முறை உறவினரைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். பழைய இடத்தில் இருந்தபோது ஒரு மனைவி சராசரியாக வாரத்துக்கு 17 முறை உறவினரைச் சந்தித்தாள். 1953-இல், டெப்டனில், அது 3 ஆனது. இரண்டு ஆண்டு கழித்துப் போனால் பழகியிருப்பார்கள், கூடியிருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார்கள், இன்னும் குறைந்திருந்தது. கணவனுக்கும் 15-லிருந்து மூன்றரைக்குக் கீழே சரிந்தது. ஆனாலும் மனைவியைவிடச் சற்று அதிகம், ஏனென்றால் வேலைக்காக அவன் தினமும் கிழக்கு லண்டன் பக்கம் திரும்பிப் போய்க்கொண்டிருந்தான். சென்ட்ரல் லைன் ரயில் 1949-இலேயே டெப்டன் வரை வந்துவிட்டது. அதில் ஏறக் காசும் நேரமும் கணவனுக்குச் சம்பளத்தின் பொருட்டு ஒதுக்கப்பட்டன. மனைவிக்கு அம்மாவின் பொருட்டு ஒதுக்கப்படவில்லை.

மாலையில் வீடு திரும்பியவனுக்கு மதுக்கூடம் தொலைவில் இருந்தது. போய்வர அலுப்பு, கையிலும் பணம் இல்லை. வாடகையும் ரயில் கட்டணமும் ஏறியிருந்தன. அவன் வீட்டிலேயே இருந்தான். மண்வெட்டி எடுத்தான், சுவருக்குத் தாள் ஒட்டினான், அலமாரி அடித்தான், இரவில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் குடும்பத்தோடு உட்கார்ந்தான். குடித்துவிட்டு நேரம் கழித்து வரும் அப்பா என்ற பழைய உருவம் மங்கி, பிள்ளைகளோடு இருக்கும் அப்பா வந்ததை இந்நூல் மறைக்கவில்லை. அதை நன்மை என்றே பதிவு செய்கிறது. கூடவே இன்னொன்றையும் சொல்கிறது. பழைய தெருவில் ஒருவரை எல்லோருக்கும் பிறந்ததிலிருந்தே தெரியும். புதுக் குடியிருப்பில் யாருக்கும் யாரையும் தெரியாது. தெரிவதெல்லாம் ஜன்னல் திரை, தோட்டம், வாசலில் வந்து இறங்கும் சாமான். எனவே தோட்டம் போடுவது மகிழ்ச்சிக்காக மட்டும் இல்லை, நாங்கள் இன்னார் என்று அக்கம்பக்கத்துக்குச் சொல்வதற்காகவும்தான். நம் அடுக்குமாடிகளில் ஒரு வீட்டுக்கு இரும்புக் கிரில் கேட் புதிதாக வந்தால் மூன்று மாதத்தில் அந்த மாடி முழுவதும் கிரில் கேட் வந்துவிடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இந்த நூல் அறுபதாண்டு காலம் நகரமைப்புப் படிப்பவர்களுக்குப் பாடமாக இருந்தது. பிறகு ஒரு திருப்பம். மைக்கேல் யங்கின் நேர்காணல் குறிப்புகள் கேம்பிரிட்ஜில் உள்ள சர்ச்சில் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வரலாற்றாய்வாளர் ஜான் லாரன்ஸ் அந்தக் குறிப்புகளை எடுத்து வரிவரியாகப் படித்து 2016-இல் ஒரு கட்டுரை எழுதினார். நூலில் இடம்பெற்றவற்றோடு, இடம்பெறாதவையும் அங்கே கிடந்தன. பெத்னல் கிரீனை விட்டு வந்ததில் நிம்மதி அடைந்தவர்கள் இருந்தார்கள். மாமியாரின் கண்ணுக்கு எட்டாத தூரம் போதும் என்றவர்கள் இருந்தார்கள். பக்கத்து வீட்டார் மூக்கை நுழைப்பதை வெறுத்தவர்கள் இருந்தார்கள். உறவுக்காரப் பேட்டையின் மீது யங்குக்கு ஒரு சாய்வு இருந்தது, அந்தச் சாய்வுக்கு இசைந்த குரல்களே நூலில் உரக்கக் கேட்கின்றன என்பது லாரன்ஸின் வாதம்.

லாரன்ஸ் சொல்வது சரி என்றே நினைக்கிறேன். கூட்டுக் குடும்பத்தைப் பற்றி உருகி எழுதப்பட்டவற்றில் மருமகள்களின் குரல் எவ்வளவு என்று நம் பக்கமும் கேட்க வேண்டியிருக்கிறது. ஆனால் அவர் திருத்தியது மனநிலைகளைப் பற்றிய தீர்ப்பை. பிள்ளையை ஒரு மணி நேரம் பிடித்துக்கொள்ள ஆள் இருந்ததா இல்லையா என்ற கேள்வி அந்தத் திருத்தத்தால் மறையாது. தனிமையை விரும்பிப் போன பெண்ணுக்கும் காய்ச்சலில் கிடக்கும் குழந்தையோடு கடைக்குப் போவது கடினம்தான். இந்தச் சிரமம் நிரந்தரம் இல்லை என்பதற்கும் சான்று உண்டு: வில்மாட் பின்னாளில், லண்டனின் கிழக்கே உள்ள டேகனாமுக்குப் போனார். இரண்டு போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் அங்கே லண்டன் கவுன்சில் கட்டிய குடியிருப்பு மிகப் பெரியது. வாடகைக்காரர்கள் தோட்டத்தை ஒழுங்காக வைத்திருக்க வேண்டும் என்று விதியும், நல்ல தோட்டத்துக்குப் போட்டியும் பரிசும் இருந்த இடம். நாற்பதாண்டு கழிந்த பிறகு அங்கே பெத்னல் கிரீனைப் போன்ற உறவுப் பின்னல் மறுபடி முளைத்திருப்பதைக் கண்டு 1963-இல் எழுதினார். அங்கேயே பிறந்து வளர்ந்த மகள்கள் அங்கேயே மணமாகி, அம்மாவுக்கு அருகில் வீடு பார்த்துக்கொண்டார்கள். ஒரு தலைமுறை தனியாகத் தவித்தால் அடுத்த தலைமுறைக்கு உறவு கிடைக்கும் என்பது ஆறுதல்தான், முதல் தலைமுறைக்கு இல்லாவிட்டாலும்.

அமெரிக்காவில் இதே கதை பணத்தோடும் விளம்பரத்தோடும் நடந்தது. நியூயார்க்குக்குக் கிழக்கே லாங் ஐலண்டின் உருளைக்கிழங்கு வயல்களில் லெவிட் கம்பெனி 1947 முதல் 1951 வரை 17,000-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. போரிலிருந்து திரும்பிய இளைஞர்களுக்கு 750 சதுர அடி வீடு, முன்னால் புல்தரை, மேலே வேலை முடிக்கப்படாத பரண் அறை. 1950-ஆம் ஆண்டு மாடல் வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியையே சுவரோடு பதித்துக் கொடுத்தார்கள். கறுப்பினத்தவருக்கு அந்த வாசல் மூடியிருந்தது. வாடகை ஒப்பந்தத்திலேயே அதை எழுதிவைத்திருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் இந்த வீடுகளின் இனிமையைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

உள்ளே நுழைந்தவர்களுக்கு விதிகள் இருந்தன. வேலி போடக் கூடாது. வாரக் கடைசியில் துணி காயப்போடக் கூடாது. புல்லை வாரந்தோறும் வெட்ட வேண்டும், வெட்டாவிட்டால் கம்பெனி ஆளை அனுப்பி வெட்டிவிட்டுக் கூலியை உங்கள் கணக்கில் எழுதும். சொந்த வீடும் மனையும் உள்ளவனுக்குக் கம்யூனிஸ்டாக இருக்க நேரம் கிடையாது, அவ்வளவு வேலை இருக்கிறது என்ற பொருளில் வில்லியம் லெவிட் ஒருமுறை சொன்னதாக அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். அது கேலி மாதிரி இருக்கிறது, ஆனால் துல்லியம். அந்தப் பரண் அறையை அவர் முடிக்காமல் விட்டது விலையைக் குறைக்க. விளைவோ வேறு: ஆயிரக்கணக்கான ஆண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ரம்பமும் சுத்தியலும் எடுத்தார்கள். லெவிட் வீட்டை எப்படி விரிவாக்கலாம் என்று யோசனை சொல்வதற்கென்றே ஒரு பத்திரிகை நடந்தது. ‘நீங்களே செய்யுங்கள்’ என்ற மோகத்தை ‘டைம்’ வார இதழ் 1954 ஆகஸ்டில் அட்டைப்படக் கட்டுரையாக்கியது.

ஓய்வு நேரத்தில் மனிதன் ஏன் மறுபடியும் வேலை செய்கிறான்? ஸ்டீவன் கெல்பர் என்ற வரலாற்றாசிரியர் 1999-இல் வெளியிட்ட பொழுதுபோக்கு பற்றிய நூலில் இதற்கு ஒரு விளக்கம் தருகிறார். தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் தன் உழைப்பு தன் கையில் இல்லாதவனுக்கு, மரவேலையும் அஞ்சல்தலை சேகரிப்பும் உழைப்பின் ஒழுக்கத்தைத் திருப்பித் தருகின்றன. ஆனால் முதலாளி இல்லாமல். தச்சு வேலையை ஆண் வீட்டுக்குள் கொண்டுவந்ததன் மூலம், பெண்ணின் இடம் என்று கருதப்பட்ட வீட்டில் ஆணுக்கு ஒரு மூலை கிடைத்தது. அழகான விளக்கம். அதன் மறுபக்கத்தைக் காண வேறொரு ஆய்வை அருகில் வைக்க வேண்டும். ஜோஆன் வானெக் 1974-இல் அமெரிக்க இல்லத்தரசிகளின் நேரக் கணக்கை அரை நூற்றாண்டுக்குத் தொகுத்தார். சலவை இயந்திரமும் குளிர்ப்பெட்டியும் அரிதாக இருந்த 1920-களில் அவர்கள் வாரத்துக்கு 52 மணி நேரம் வீட்டுவேலை செய்தார்கள். அவை எல்லாம் வந்துவிட்ட 1960-களில் 55. துவைப்பது எளிதானதும் அடிக்கடி துவைத்தார்கள். கடை தொலைவுக்குப் போனதும் கார் ஓட்டிக்கொண்டு போனார்கள். பிள்ளைகளை எங்கெங்கோ கொண்டுவிட்டுக் கூட்டிவந்தார்கள். கணவன் பரண் அறையில் அலமாரி செய்தது பொழுதுபோக்கு. அதைத் துடைத்தது பொழுதுபோக்குக் கணக்கில் வரவில்லை.

புறநகரைத் தூரத்திலிருந்து ஏசிய அறிவாளிகள் அந்தக் காலத்தில் ஏராளம். சமூகவியலாளர் ஹெர்பர்ட் கான்ஸ் மட்டும் 1958-இல், அதே லெவிட் கம்பெனி நியூ ஜெர்சியில் கட்டிய லெவிட்டவுனில் ஒரு வீட்டை வாங்கி, முதல் குடியேறிகளில் ஒருவராகப் போய் இரண்டாண்டு வாழ்ந்து பார்த்தார். 1967-இல் வந்த அவர் நூலின் முடிவு ஏசியவர்களுக்கு ஏமாற்றம்: புறநகர் மனிதர்களைப் பெரிதாக மாற்றிவிடவில்லை. எந்த மாற்றத்தை விரும்பி வந்தார்களோ அது பெரும்பாலும் நடந்தது. குடும்பத்தோடு கூடுதல் நேரம், தோட்டம், புது நண்பர்கள். சலிப்பும் தனிமையும் இருந்தவர்கள் சிறுபான்மை. அந்தச் சிறுபான்மையில் யார் என்று பார்த்தால் அம்மாவை விட்டுப் பிரிந்து வந்த பெண்களும், போக ஒரு இடம் இல்லாத பதின்வயதினரும். சின்னக் குழந்தைகளுக்காகத் திட்டமிட்ட ஊரில் அவர்கள் வளர்ந்துவிடுவார்கள் என்று யாருக்கும் தோன்றவில்லை. படுக்கையறை நண்பர்களை அழைக்க முடியாத அளவு சிறியது. வெளியே கூடினால் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள்.

காலத்தில் முன்னோக்கி ஒரு தாவல். 2001-லிருந்து கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்து மானுடவியலாளர்கள், எலினார் ஓக்ஸ் தலைமையில், தாய் தந்தை இருவரும் வேலைக்குப் போகும் 32 குடும்பங்களின் வீட்டுக்குள் கேமராவோடு இருந்து பதிவு செய்தார்கள். நான்கில் மூன்று கார் கொட்டகைகளில் கார் நிறுத்த இடமில்லை, சாமான் நிரம்பியிருந்தது. ஊஞ்சலும் அடுப்பும் வைத்து அழகு செய்த பின்கட்டில் பெற்றோர் கால் வைப்பதே அரிது. தங்கள் வீட்டைக் குப்பைக்கூளம் என்று விவரித்த தாய்மார்களின் உமிழ்நீரில் மனஅழுத்த ஹார்மோனின் போக்கு மாறியிருந்ததையும் கண்டார்கள். தகப்பன்மார்களிடம் அது அவ்வளவாக இல்லை. வீடு பெரிதாகப் பெரிதாகப் பொழுதுபோக்குக்கான பொருள் சேர்ந்தது, பொழுது சேரவில்லை.

ஆசியாவுக்கு வந்தால் மாற்றம் பக்கவாட்டில் நிகழாமல் மேல்நோக்கி நிகழ்கிறது. சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960-இல் தொடங்கியது. அடுத்த ஆண்டு மே 25 அன்று புக்கிட் ஹோ ஸ்வீ கம்பத்தில், அதாவது குடிசைக் கிராமத்தில், பற்றிய தீ ஏறத்தாழ 16,000 பேரை ஒரே மாலையில் வீடிழக்கச் செய்தது. அதன் பிறகு கம்பத்து வாழ்க்கையிலிருந்து அடுக்குமாடிக்கு மாறியது ஒரு தேசமே என்று சொல்லலாம்; இன்று மக்களில் முக்கால் பங்குக்கு மேல் கழக வீடுகளில்தான் இருக்கிறார்கள். கம்பத்தில் கோழி இருந்தது, வாழை இருந்தது, குழந்தைகளுக்குத் தரை இருந்தது. பத்தாவது மாடியில் இவை மூன்றும் இல்லை. ஹாங்காங்கின் நெரிசலை ஆராய்ந்த ராபர்ட் மிட்செல் 1971-இல் எழுதியது இங்கே பொருந்தும்: நெருக்கம் பெரியவர்களின் மனத்தைப் பெரிதாகக் கெடுப்பதில்லை, ஆனால் வீட்டுக்குள் இடமில்லாதபோது பெற்றோர் பிள்ளைகளை வெளியே போகவிடுகிறார்கள், அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல் போகிறது.

சிங்கப்பூர் இதற்கு இரண்டு விதமாகப் பதில் தேடியது. ஒன்றை மக்களே கண்டுபிடித்தார்கள். புளோக்கின் கீழ்த்தளத்தைச் சுவர் எழுப்பாமல் காலியாக விட்டது கழகத்தின் திட்டம். அதில் மலாய்க்காரர் கல்யாணமும் சீனர் இழவும் முதியவர்களின் சதுரங்கமும் மாறி மாறி நடக்கும்படி செய்தது மக்கள். கோழி வளர்த்த கை கூண்டுப் பறவை வளர்த்தது. ஆங் மோ கியோவின் கெபுன் பாருவில் இன்றும் உயரமான கம்பங்களில் கூண்டுகளை ஏற்றிவிட்டு, யாருடைய பறவை நன்றாகப் பாடுகிறது என்று கீழே நின்று கேட்பார்கள். வீட்டு வாசலை ஒட்டிய நடைவழியில் துளசியும் கறிவேப்பிலையும் தொட்டியில் வைத்தார்கள். நடக்க 1.2 மீட்டராவது வழி விட வேண்டும் என்ற தீத்தடுப்பு விதிக்கும் அந்தத் தொட்டிகளுக்கும் நடக்கும் இழுபறி ஓய்ந்தபாடில்லை. தேசியப் பூங்காக் கழகம் 2005-இல் சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. ஆயிரத்துக்கும் அதிகமான தோட்டங்கள் உருவாகிவிட்டன.

இரண்டாவது பதிலை யங்கும் வில்மாட்டும் படித்திருந்தால் எழுந்து நின்று கைதட்டியிருப்பார்கள். பெற்றோருக்கு அருகில் மறுவிற்பனை வீடு வாங்கினால் 2015 முதல் அரசு பணம் தருகிறது. அருகில் என்றால் எவ்வளவு என்பதற்கும் அளவு உண்டு. 2018-லிருந்து 4 கிலோமீட்டர். அந்த எல்லைக்குள் வாங்கும் குடும்பத்துக்கு 20,000 வெள்ளி, ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்தால் 30,000. பாட்டி பிள்ளையைப் பார்த்துக்கொள்வதன் மதிப்பை ஓர் அரசாங்கம் வரவுசெலவுக் கணக்கில் எழுதியது என்பதுதான் இதன் பொருள். தாத்தா பாட்டிகளுக்கு இதில் விருப்பம் உண்டா என்ற கேள்வி தனியே இருக்கிறது. ஆனால் தூரத்துக்கு ஒரு விலை உண்டு என்று ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம்.

சென்னையில் தூரம் தண்டனையாகவே கொடுக்கப்பட்டது. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்கு 2000-லிருந்து துரைப்பாக்கம் கண்ணகி நகரில் வீடு கொடுத்தார்கள். ஆழிப்பேரலைக்குப் பின் செம்மஞ்சேரி, அதன் பின் பெரும்பாக்கத்தின் எட்டு மாடிக் கட்டடங்கள். வீடு கான்கிரீட், கதவு உண்டு, கழிப்பறை உண்டு. கால்வாய்க் கரைக் குடிசையோடு ஒப்பிட்டால் முன்னேற்றம்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் கண்ணகி நகரின் பிழைப்பு பற்றி கேரன் கோயல்ஹோ, டி. வெங்கட், ஆர். சந்திரிகா ஆகியோர் 2012-இல் ‘எகனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லி’யில் எழுதிய கட்டுரையைப் படித்தால், அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று தெரியும். மயிலாப்பூரிலும் நுங்கம்பாக்கத்திலும் நடந்துபோய் நாலு வீட்டு வேலை பார்த்த பெண் இருபது கிலோமீட்டர் பஸ்ஸில் போக வேண்டும். காலை ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். நடுவில் ஒருமுறை வீட்டுக்கு வந்து பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டுப் போவது முடியாது. பலர் வேலையை விட்டார்கள். சிலர் பழைய மகாபலிபுரம் சாலையின் ஐ.டி. கட்டடங்களைத் துடைக்கும் வேலைக்குப் போனார்கள்.

இப்படிப்பட்ட வீட்டில் பொழுதுபோக்கு எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். வட சென்னையிலும் கால்வாய்க் கரைகளிலும் வாழ்ந்தவர்களிடம் அது இருந்தது, தெருவோடு ஒட்டியதாக: கேரம் கிளப், கானா, மன்றத்து உடற்பயிற்சிக் கூடம், மொட்டைமாடியில் புறாக் கூண்டு. கேரம் போர்டை மடியில் வைத்துக்கொண்டு போய்விடலாம். எதிரில் உட்காரும் மூன்று பேரைக் கொண்டுபோக முடியாது, அவர்களுக்குக் குலுக்கலில் வேறு பிளாக் விழுந்திருக்கும். எட்டாவது மாடிக்கு மேலுள்ள தளம் யாருடைய மொட்டைமாடியும் இல்லை என்பதால் புறாவும் இல்லை. இன்னொரு பக்கம், அதே சாலையில், விளம்பரங்களில் நீச்சல் குளமும் ஜிம்மும் யோகா அறையும் காட்டி விற்கப்படும் அடுக்குமாடிகள் இருக்கின்றன. தோட்டக்கலைத் துறை மானியத்தில் தரும் மாடித்தோட்டத் தளைகளை வாங்கிக் கத்தரியும் வெண்டையும் போடுபவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்தவர்கள்தான். தோட்டத்துக்குத் தேங்காய் நார்க்கழிவும் விதையும் போதாது. தளமும் தண்ணீரும் ஓய்ந்த உடம்பும் வேண்டும்.

ஆனாலும் கண்ணகி நகரில் ஒன்று முளைத்தது, கபடி. புது இடத்தில் கூடிய பிள்ளைகள் மண் தரையில் ஆடிய ஆட்டம். அங்கே வளர்ந்த கார்த்திகா 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் அணியில் ஆடினார். பேர் சொன்னாலே வேலை கிடைக்காத முகவரி என்று இருபது வருடம் பேசப்பட்ட ஒரு பகுதியின் பெயரை, தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டு நின்றார் அந்தப் பெண். இதைக் காட்டி மறுகுடியமர்வு நல்லதுதான் என்று யாராவது வாதிட்டால் ஏற்க வேண்டாம். மைதானமும் பயிற்சியாளரும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மட்டும் இது சான்று. இன்னொரு செய்தியும் இதில் அடங்கியிருக்கிறது: இந்த ஆய்வு நூல்கள் எவற்றிலும் புதுக் குடியிருப்பின் பொழுதுபோக்கு ஒரு பெண்ணுடையதாக வீட்டுக்கு வெளியே வளர்ந்த எடுத்துக்காட்டு எளிதில் கிடைக்காது.

இந்தியாவின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2024-இல் சொல்வது இது: சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறாள், ஆண் 88 நிமிடம். 2019-இல் அது 299, 97. ஐந்தாண்டில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்தது. ஆணுக்கு ஒன்பது நிமிடம் குறைந்தது. அதாவது பெண்ணின் பாரத்தை ஆண் வாங்கிக்கொண்டதால் குறையவில்லை. இந்தக் கணக்கெடுப்பு, வீடு மாறியவர் மாறாதவர் என்று பிரித்துக் காட்டுவதில்லை. அடுத்த முறை அந்த ஒரு கேள்வியைச் சேர்த்தால் டெப்டனுக்கும் பெரும்பாக்கத்துக்கும் உள்ள தூரத்தை நம் எண்களிலேயே அளந்துவிடலாம்.

சொந்தப் பணத்தில் வீடு வாங்குபவருக்குச் சொல்ல அதிகமில்லை. அவர் தேர்ந்தெடுத்துப் போகிறார், விரும்பிய மாற்றத்தில் பெரும்பாலானது அவருக்குக் கிடைக்கும் என்று கான்ஸ் உறுதி தருகிறார். தேர்வு இல்லாமல் அனுப்பப்படுபவர்களைப் பற்றித்தான் பேச வேண்டும். யங்கும் வில்மாட்டும் 1957-இல் வைத்த பரிந்துரை எளிமையானது: விருப்பமுள்ள தெருக்காரர்களையும் உறவினரையும் சேர்த்தே குடியமர்த்துங்கள், முடிந்தால் பழைய இடத்திலேயே கட்டிக்கொடுங்கள். தமிழ்நாட்டில் குடிசை மாற்று வாரியம் 1970-இல் தொடங்கப்பட்டது. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று 2021-இல் பெயர் மாறியது. பெயரோடு ஒதுக்கீட்டு முறையையும் மாற்றலாம். ஒரே தெருவிலிருந்து வருபவர்கள் விரும்பினால் ஒரே பிளாக்கைக் கேட்க ஒரு விண்ணப்பப் படிவமும், அம்மாவும் மகளும் ஒரே மாடியில் வீடு கேட்க அதில் ஒரு கட்டமும் அச்சிடப் பெரிய செலவு ஆகாது. குலுக்கலுக்கு முன்பே அந்தப் படிவத்தை அவர்கள் கையில் கொடுங்கள்.